பட்ஜெட் விமானத்தில் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பெற்றோரை முதல்முறையாக விமானத்தில், திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டிப்போக வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை, அப்பாவுக்கு முழங்கால் வலி. சென்னை போய், சாப்பாடும் பெட்டியும் டிக்கெட்டிலேயே சேர்ந்து வரும் முழுச் சேவை விமானத்தில் ஏறுவதைவிடத் திருச்சியிலிருந்தே பட்ஜெட் விமானத்தில் போவது ஏறக்குறையப் பாதி விலை. அவர்கள் கஷ்டப்படுவார்களா? பாதுகாப்பானதா? கடைசியில் அதுஇது என்று சேர்த்து ஒரே விலையாகிவிடுமா?

தாராளமாகக் கூட்டிப்போகலாம். நான் பல வருடம் விமான நிலையத்தில் செக்-இன் கவுன்டரிலும் போர்டிங் கேட்டிலும் வேலை பார்த்தவன். பட்ஜெட் விமானத்தில் போய் மனம் நொந்து வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருக்கை சிறியது என்றோ சாப்பாடு தரவில்லை என்றோ வருத்தம் இல்லை. அந்த விமானம் எப்படி ஓடுகிறது என்று முன்கூட்டியே யாரும் சொல்லாததுதான் குறை. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாகப் புரியும்.

விமானம் பறந்தால்தான் வருமானம். தரையில் நின்றால் வாடகை, கடன் தவணை, நிலையக் கட்டணம் எல்லாம் செலவுதான். இதை முதலில் முழுதாகப் பிடித்துக்கொண்டது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம். 1971இல் டெக்சஸ் மாநிலத்துக்குள் மூன்று ஊர்களுக்கு இடையே பறக்கத் தொடங்கினார்கள். 1972இல் பண நெருக்கடி வந்து, இருந்த நான்கு போயிங் 737 விமானங்களில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. ஆனால் நான்கு விமானத்துக்குப் போட்ட கால அட்டவணையைக் குறைக்கவில்லை. இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் திருப்பி அனுப்பி, மூன்று விமானத்தை வைத்தே அத்தனையையும் ஓட்டினார்கள். உலகத்தில் இன்று இருக்கும் பட்ஜெட் விமான நிறுவனங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்த நெருக்கடியின் வாரிசுகள்தான்.

இன்று உள்நாட்டில் விமானம் இறங்கித் திரும்பக் கிளம்பும் அந்த இடைவெளி 25, 30 நிமிடம். சர்வதேச வழித்தடத்தில் ஒரு மணி நேரத்துக்குள். அந்த நேரத்தில் கீழே நடப்பதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. கடைசிப் பயணி இறங்கும் முன்பே சரக்கறைக் கதவு திறந்திருக்கும். எரிபொருள் வண்டி இறக்கைக்கு அடியில் வந்து நிற்கும். உள்ளே விமானப் பணிப்பெண்களே கையுறை மாட்டிக்கொண்டு, பின்வரிசையிலிருந்து குப்பையைப் பொறுக்கியபடி வருவார்கள். இருக்கைப் பையில் யாரோ செருகிவிட்டுப்போன டம்ளரை எடுத்து, பெல்ட்டின் இரண்டு முனையையும் இருக்கை மேல் குறுக்காக மடித்து வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போவார்கள். துப்புரவுக்குத் தனி ஆள் ஏறி இறங்கக் காத்திருப்பதில்லை. அந்தப் பெண்கள் சற்று முன்புதான் நான்கு மணி நேரம் பறந்து வந்தவர்கள், திரும்பவும் நான்கு மணி நேரம் பறக்கப்போகிறவர்கள் என்பதை ஏறும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு கொஞ்சம் குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இலவசச் சாப்பாடு இல்லாததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. 180 தட்டு ஏற்றி இறக்கும் நேரம் மிச்சம். ஒரே ரக விமானம் வைத்திருப்பதற்கும் இதே கணக்குதான்: எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், உதிரிப்பாகம் ஒரே வகை. பெட்டிக்குத் தனிக்கட்டணம் வைத்தால் ஜனம் பெட்டியைக் குறைக்கும், ஏற்றி இறக்கும் வேலையும் குறையும். ஒரு ஏ320 விமானத்தில் முன்னால் பிசினஸ் வகுப்பு வைத்தால் சுமார் 150 பேர்; அதை எடுத்துவிட்டு நெருக்கிப் போட்டால் 180, 186 பேர். அதே எரிபொருள், அதே விமானி, முப்பது டிக்கெட் கூடுதல்.

நம் பக்கத்துக்கு இது வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001இல் மலேசியாவைச் சேர்ந்த டோனி பெர்னாண்டஸ், கடனில் கிடந்த ஏர் ஏசியா விமான நிறுவனத்தை ஒரு ரிங்கிட் விலைக்கு, கடனோடு சேர்த்து வாங்கினார். கையில் இருந்தது இரண்டே விமானம். இந்தியாவில் 2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். 2005, 2006இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ எல்லாம் வரிசையாக வந்தன. 2008இல் ஏர் ஏசியா திருச்சிக்கு வந்தது. திருச்சி ஓடுதளம் பெரிய அகல விமானங்களுக்குப் போதாது. ஏ320, 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களுக்குச் சரியாக இருக்கும். பட்ஜெட் நிறுவனங்கள் வைத்திருப்பதும் அவைதான். தஞ்சாவூர், புதுக்கோட்டை, அரியலூர்க்காரர்கள் சென்னை வரை போகாமல் நேரடியாகக் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் போவதற்குப் பெரிய காரணம் இந்த வகை விமானங்கள்தான். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மகன் பினாங்கில் வேலை பார்க்கிறான் என்று முதல்முறை விமானம் ஏறிய எத்தனையோ கூலித்தொழிலாளிப் பெற்றோரின் போர்டிங் பாஸை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பழைய விலையில் அவர்கள் ஏறியிருக்கவே முடியாது.

சரி, இதில் உள்ள சிக்கல் என்ன? எல்லா நேரத்தையும் பிழிந்து எடுத்துவிட்டதால் அட்டவணையில் மூச்சுவிட இடம் இல்லை. காலையில் எங்கோ 40 நிமிடம் தாமதமானால், அதே விமானம் அன்றைக்குப் போகவேண்டிய ஐந்தாறு பயணங்களிலும் அந்தத் தாமதம் தொடரும். ஆள் விஷயத்திலும் அப்படித்தான். 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நாட்டையே ஸ்தம்பிக்க வைத்தது நினைவிருக்கும். விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்ந்தது, இரவுத் தரையிறக்கங்களுக்கு வரம்பு வந்தது. சோர்ந்துபோன விமானி ஓட்டக் கூடாது என்பதற்கான நியாயமான விதி. அதற்கு ஏற்ற ஆள் பலம் இல்லாததால் சில நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. நிறுவனம் பெரியதாக இருந்தாலும், கையிருப்பு மெலிந்திருந்தால் ஒரு விதி மாற்றம் போதும்.

இதை உங்கள் வழித்தடத்துக்குப் பொருத்திப் பாருங்கள். கோலாலம்பூரைத் தளமாகக் கொண்ட நிறுவனத்தின் விமானம் இரவில் திருச்சியில் தூங்காது. அங்கிருந்து வந்து, ஆளை இறக்கி ஏற்றி, அப்படியே திரும்பும். ஆகவே உங்கள் விமானம் நேரத்துக்குக் கிளம்புமா என்பது அது கோலாலம்பூரில் நேரத்துக்குக் கிளம்பியதா என்பதைப் பொறுத்தது. எந்த விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஃபிளைட்ரேடார்24 செயலியில் திருச்சிக்கு வரும் அந்த விமானத்தின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் அங்கேயே நிற்கிறது என்றால், செயலி என்ன நேரம் காட்டினாலும் தாமதம் நிச்சயம். அதற்காக வீட்டிலிருந்து லேட்டாகக் கிளம்பாதீர்கள்; கவுன்டரை முதலில் சொன்ன நேரத்துக்கே மூடிவிடுவார்கள். தாமதத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வதன் பயன், அம்மாவுக்கு மாத்திரையும் சாப்பாடும் எப்போது என்று நீங்கள் திட்டமிடலாம் என்பதுதான்.

இதைவிட முக்கியமான ஒன்று. கோலாலம்பூரிலிருந்து லங்காவியோ பாலியோ போகிற எண்ணம் இருந்தால், இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக எடுத்து இரண்டு மணி நேர இடைவெளியில் அடுக்காதீர்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது விமானம் பொறுப்பில்லை, ஒரே நிறுவனமாக இருந்தாலும். பெட்டியை எடுத்து, இமிகிரேஷன் தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஒரே பதிவு எண்ணில் இணைப்பு டிக்கெட்டாக எடுத்தால் அது அவர்கள் பொறுப்பு. அப்படிக் கிடைக்காவிட்டால் ஓர் இரவு கோலாலம்பூரில் தங்கிவிட்டுப் போங்கள். நான் கவுன்டரில் பார்த்த அழுகைகளில் பாதி இந்த இணைப்பு விஷயத்தில்தான்.

இப்போது பணம். பட்ஜெட் டிக்கெட்டின் முதல் பக்கத்து விலை ஓர் ஆளும் ஓர் இருக்கையும் மட்டும். கைப்பை 7 கிலோ. இந்தியாவுக்குள் பறக்கும்போது சாதாரண டிக்கெட்டில் 15 கிலோ பெட்டி சேர்ந்தே வரும் என்ற பழக்கத்தில், சர்வதேச பட்ஜெட் டிக்கெட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். பல நிறுவனங்களில் பெட்டிக்கான கிலோவைத் தனியாக வாங்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே வாங்கினால் ஒரு விலை, அப்புறம் சேர்த்தால் கூடுதல் விலை, கவுன்டரில் வாங்கினால் கிலோவுக்கு இவ்வளவு என்று நெஞ்சை அடைக்கும் விலை. பெட்டி, இரண்டு பேருக்கு நடைபாதை ஓர இருக்கை, ஒரு சாப்பாடு, கார்டு கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை எழுதிக்கொண்டு, அதை முழுச் சேவை டிக்கெட்டோடும் சென்னை வரை போகும் செலவோடும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பட்ஜெட்தான் மலிவாக வரும். ஆனால் பள்ளி விடுமுறை, தீபாவளி, தைப்பூச நேரத்தில் வித்தியாசம் சுருங்கி, சில நாள் ஒன்றுமே இல்லாமல்கூடப் போகும். அப்படி ஆனால் யோசிக்காமல் முழுச் சேவைக்குப் போங்கள்.

எடை விஷயத்தில் பெற்றோர் படும் அவமானத்தை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கைப்பை தராசில் 9.4 காட்டும். பின்னால் வரிசை நீண்டு நிற்கும். தரையில் உட்கார்ந்து அம்மா பையைத் திறப்பார்கள். மேலேயே முறுக்கு டின், அதற்கடியில் பேரனுக்கு வாங்கிய பட்டு வேட்டி, நடுவில் நாலு துணி சுற்றிய ஊறுகாய் பாட்டில். எதை எடுப்பது என்று தெரியாமல் மகனைப் பார்ப்பார்கள். மகன் கவுன்டரில் இருக்கும் எங்களோடு சண்டை போடுவார். கம்ப்யூட்டர் கேட்கும் எடையை எங்களால் மாற்ற முடியாது. சரக்கு கொண்டுபோய் வந்து பிழைக்கும் ‘குருவி’கள் அதே வரிசையில் நின்றாலும் அவர்களுக்கு இந்தத் தடுமாற்றமே வராது; கிராம் கணக்கில் கட்டி வருவார்கள். ஒரு கைத்தராசு வாங்கி வீட்டிலேயே தூக்கிப் பாருங்கள். 7 கிலோ என்றால் ஆறரையில் நிறுத்துங்கள். ஊறுகாய், மிளகாய்ப்பொடி கைப்பையில் போகாது, பெட்டியில் போடுங்கள். கொப்பரைத் தேங்காய் எதிலும் போகாது, எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். மாத்திரை, இன்சுலின், மருத்துவர் சீட்டு மூன்றும் அம்மாவின் கையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் போகவே கூடாது.

பெயர். நம்மவர்களுக்கு இது பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பாவுக்கு ஒரே பெயர்தான் இருக்கும், குடும்பப் பெயர் கட்டம் காலி. பதிவுப் பக்கம் இரண்டு பெயரும் கேட்கும். அவசரத்தில் தலைப்பெழுத்தையோ தாத்தா பெயரையோ போட்டுவிடுவார்கள். பல நிறுவனங்கள் ஒற்றைப் பெயர்க்காரர்களை அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன. நீங்கள் எடுக்கும் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் படித்துவிட்டு அதன்படி எழுதுங்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். தவறானால் திருத்தக் கட்டணம் உண்டு.

இருக்கை. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே பட்ஜெட் விமானத்தில் 28, 29 அங்குலம்தான் பெரும்பாலும். முழுச் சேவையில் 31, 32. மூன்று அங்குலம் என்பது முழங்கால் வலிக்காரருக்குப் பெரிய விஷயம். அப்பாவுக்கு நடைபாதை ஓரத்தில், முடிந்தால் முதல் வரிசையில் காசு கொடுத்து இருக்கை வாங்குங்கள். அவசரக் கதவு வரிசையில் இடம் தாராளம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஆபத்தில் அந்தக் கதவைத் திறக்கக்கூடியவர்கள் மட்டுமே அங்கே உட்காரலாம், வயதானவரை எழுப்பி வேறிடம் அனுப்பிவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். உள்ளே குளிரும், போர்வை இலவசமாகக் கிடைக்காது. அம்மாவுக்கு ஒரு சால்வை, இருவருக்கும் காலுறை.

சாப்பாட்டை முன்பதிவு செய்தால் விலையும் குறைவு, நிச்சயமாகவும் கிடைக்கும். உள்ளே போய்க் கேட்டால் தீர்ந்துவிட்டது என்ற பதில் வரலாம், சைவம் என்றால் இன்னும் அதிகமாக வரும். வெளிச்சாப்பாட்டை அனுமதிப்பதில்லை என்று சில நிறுவனங்கள் விதியில் எழுதியிருக்கின்றன. ஆகவே இட்லியை ஏறும் முன் டெர்மினலிலேயே சாப்பிட வைத்துவிடுங்கள். சர்க்கரை இறங்கினால் சமாளிக்க இரண்டு மிட்டாய், பிஸ்கட் பாக்கெட் கையில் இருக்கட்டும், அதை யாரும் தடுக்க மாட்டார்கள். காலி பாட்டில் கொண்டுபோய்ப் பாதுகாப்புச் சோதனை தாண்டியதும் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு பற்றி. டிக்கெட் மலிவு என்பதற்காகப் பராமரிப்பில் சலுகை கிடையாது. எந்த நிறுவனமானாலும் விமானி உரிமம், என்ஜின் சோதனை, 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் என்ற விதி எல்லாம் ஒன்றுதான். ஐரோப்பாவின் மிகப்பெரிய பட்ஜெட் நிறுவனமான ரையன்ஏர் 1985இலிருந்து பறக்கிறது. பயணிகள் உயிரிழந்த விபத்து அதன் வரலாற்றில் இல்லை. அதே சமயம் 2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் கிளம்பிய இந்தோனேசியா ஏர் ஏசியா விமானம் கடலில் விழுந்து 162 பேரும் இறந்ததை மறைக்கக் கூடாது. சுக்கான் கட்டுப்பாட்டுக் கருவியில் விரிசல் விட்ட ஒரு பற்றவைப்பு, அந்தக் கோளாறு முந்தைய ஓராண்டில் திரும்பத் திரும்பப் பதிவாகியும் நிரந்தரமாகச் சரிசெய்யப்படாதது, அன்று விமானிகள் அதைக் கையாண்ட விதம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. பராமரிப்பும் பயிற்சியும் கண்காணிப்பும் எங்கே பலமாக இருக்கிறதோ அங்கே பாதுகாப்பு இருக்கிறது. நானே என் வீட்டாரை இவற்றில்தான் அனுப்புகிறேன்.

தாமதமோ ரத்தோ ஆனால் என்ன கேட்கலாம்? மலேசியாவுக்கு வந்துபோகும் விமானங்களுக்கு அந்நாட்டு விதி உண்டு: இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு உணவு, ஐந்து மணி நேரம் ஆகிவிட்டால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த இரண்டாவது உரிமை 2024 செப்டம்பரில் வந்தது. இந்திய நிறுவனம் என்றால் நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ‘பணம் திரும்பாது’ என்று எழுதிய டிக்கெட்டை ரத்து செய்தாலும், வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். தானாக வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். கவுன்டரில் கத்துவதைவிட மின்னஞ்சல் வேலை செய்யும்.

அப்புறம் கோலாலம்பூர். பட்ஜெட் விமானங்கள் பெரும்பாலும் இறங்குவது 2014இல் திறந்த இரண்டாம் முனையத்தில். அதற்கு முந்தைய பழைய பட்ஜெட் முனையத்தில் வெயிலிலும் மழையிலும் ஓடுதளப் பக்கம் நடந்துதான் ஏறுவோம். இப்போது கட்டடத்திலிருந்து நேரே விமானத்துக்குள் போகும் ஏரோபிரிட்ஜ் உண்டு. ஆனால் நடை நீளம், மேம்பாலம் ஏறி இறங்கி இமிகிரேஷன் வரை அப்பாவின் முழங்கால் தாங்காது. வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே குறிப்பிடுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது உறுதிசெய்யுங்கள், கட்டணம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லாமல் இருக்கிறது. கிளம்பும் முன் அது நீடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. அங்கிருந்து ரயிலில் கேஎல் சென்ட்ரல் 33 நிமிடம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படி எடுப்பேன்: திருச்சியிலிருந்து நேரடி விமானம், மூவருக்கும் ஒரே பதிவு எண், இரண்டு பெட்டிக்கு 20 கிலோ வீதம், அப்பாவுக்கு முதல் வரிசை ஓர இருக்கை, அம்மா பக்கத்தில், எல்லோருக்கும் முன்பதிவுச் சாப்பாடு, வீல்சேர் ஒன்று. திரும்பி வரும் மறுநாள் கல்யாணமோ மருத்துவமனைத் தேதியோ இருந்தால் ஒரு நாள் முன்னதாக வரும் டிக்கெட் எடுப்பேன். வீட்டிலிருந்து மூன்றரை மணி நேரம் முன்பே கிளம்பிவிடுவேன். திருச்சியின் புதிய முனையத்தில் உட்கார நல்ல இடம் இருக்கிறது, அங்கே காத்திருப்பதில் அவர்களுக்கு ஒரு கஷ்டமும் வராது.